கறுப்பு பத்து சதவீதம்

குன்றுக்கு இரண்டாயிரம்,
கடற்கரைச் சாலைக்கு எழுநூறு.
ஒரே முகம்தான், மைதான் வேறு
என்றான் ஒடிலோன், கட்சிக்காரன்.
முன்பணம் ரொக்கம்.

குன்றேறப் போகும் ஜுசாராவுக்குக்
கறுப்பைப் பத்து சதவீதம் கூட்டினேன்.
கடலோரம் போகிறவளிடமிருந்து
மஞ்சளைக் கொஞ்சம் வழித்தெடுத்தேன்.
பல் மட்டும் இரண்டிலும் ஒரே வெள்ளை.

போன தேர்தல் வேட்புமனுவில்
நிறம் கேட்ட கட்டத்தில்
வெள்ளை என்று போட்டிருந்தாள்.
இம்முறை பார்தா, அதாவது பழுப்பு.
இரண்டு மனுவையும் பக்கம்பக்கமாய் வைத்து
எதிர்க்கட்சி துண்டறிக்கை போட்டது.
அதையும் நான்தான் அடித்தேன்.
ரெசிஃபியில் அச்சகங்கள் குறைவு, கடன் அதிகம்.

நாலு வருஷ வெயிலில் கறுத்துவிட்டாளாம்
என்று பேருந்தில் சிரித்தார்கள் வெளுத்தவர்கள்.
கறுத்தவர்கள் சிரிக்கவில்லை.
மேடையில் அவள் அடித்த மராகாட்டு முரசு
காசு கட்டிப் படித்த தாளம் என்றார்கள்.
தலைத்துணி முடிச்சு
யாரோ கட்டிவிட்ட முடிச்சு என்றார்கள்.
நானும் சொன்னேன்,
எட்டு வயதிலிருந்து
சூட்டுச் சீப்பால் முடி நீட்டுகிற நான்.

வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
இரவில் தனியே வந்தாள்.
சாரல். குடையில்லை.
நெற்றியோரம் முடி
தன் வழிக்குத் திரும்பியிருந்தது, சுருள் சுருளாக.
இரண்டு தாளையும் மேசையில் விரித்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
அசல் எங்கே என்றாள்.

கணினியில் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
ஸ்டுடியோக்காரர் பவுடர் போட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

அப்புறம், கேட்காமலே,
என் பிறப்புச் சான்றிதழில்
வெள்ளை என்று எழுதச் சொல்லி
அப்பா எழுத்தருக்கு ஒரு கோழி கொடுத்தாராம் என்றாள்.
கோழி என்ன நிறம்?
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
சிரித்தாள்.
சுவரொட்டியில் இல்லாத சிரிப்பு, ஈறு தெரிய,
இருமல் வரும்வரை.

நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்றாள்.
கையைப் பார்த்தேன்.
நகக்கண்ணில் நாலு மையும் இருந்தன.
கணக்கெடுக்க வந்தவன் என்னைக் கேட்கவே இல்லை;
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்,
எழுதிக்கொண்டான்.
என்ன எழுதினான் என்று
நானும் எட்டிப் பார்க்கவில்லை.

ஓட்டு யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் ஒடிலோன் மீதிப் பணத்தோடு வந்தான்.
குன்றுக்கு இன்னும் ஐந்நூறு வேண்டும்,
இன்னும் ஒரு பிடி கறுப்பாக.
கறுப்பு தீர்ந்துவிட்டது என்றேன்.

டப்பா என் காலடியில் இருந்தது,
பாதிக்கு மேல்.