வேண்டாம் என்று சொல்ல ஆன நேரம்

புதுவயலுக்கு முதல் பஸ்.
பையில் இரண்டு விசில்,
எப்போதும் நாலு விநாடி பிணங்கிக்கொள்ளும்
இரண்டு கடிகாரம்.
மஞ்சள் அட்டை சட்டைப்பையில், சிவப்பு பின்பையில்;
மனஸ்தாபமான சம்பந்திகளைப்
பந்தியில் தள்ளித் தள்ளி உட்கார வைப்பதுபோல.

ஆட்டம் பத்தரைக்கு.
ஒன்பதுக்கே மைதானத்தைச் சுற்றி நடந்தேன்.
ராத்தூறலில் செம்மண் இளகி
தென்பக்கக் கோல் கோடு கரைந்திருந்தது.
சுண்ணாம்பு போடச் சொன்னேன்.
வலை இன்னும் கட்டவில்லை.
ஆலையில் நெல் அவிகிற வாசம்
நடுவட்டம் வரை வந்து நின்றது.

கொடி பிடிக்க சாத்தையா, நூருல் அமீன்.
"சந்தேகமென்றால் தூக்காதீர்கள்.
உறுதியென்றால், நான் பார்க்கும்வரை இறக்காதீர்கள்."

வலை கட்டினார்கள்.
வடக்கு வலையை இழுத்துப் பார்த்தேன், தாங்கியது.
தெற்கே நடக்கையில்
எதிரே வந்துவிட்டார் உள்ளூர்ப் பள்ளி பி.டி. சார்.
"வீட்லேர்ந்து வெள்ளைப் பணியாரம் வந்திருக்கு மேடம்."
வேண்டாம் சார் என்றேன்.
ஒண்ணே ஒண்ணு என்றார்.
சாப்பிட்டாச்சு என்றேன்.
எங்கே, என்ன, எத்தனை மணிக்கு என்றார்.
விரதம் என்றேன்.
அப்ப பால் என்றார்.
இந்தச் சீமையில்
விருந்தைச் சாப்பிடக் கால்மணி போதும்,
மறுக்க அரைமணி வேண்டும்.
முகம் கோணாமல் மறுத்து முடித்தபோது
இரண்டு அணியும் வரிசையில் நின்றிருந்தன.

பூட்ஸ் அடி, ஷின் கார்டு, மோதிரம், கடுக்கன்.
பதினொன்றாம் எண் அடைக்கலத்தின்
மணிக்கட்டில் கயிறு.
"கோயில்ல கட்டினது மிஸ்."
தகடு கோத்திருக்கிறதா என்று தடவினேன்.
வெறும் நூல். போ.

முதல் பாதியில்
விருந்தாளிப் பள்ளிக் கோச் கத்தினார்,
கண்ணு தெரியலையா என்று.
பந்து வெளியே போனபோது பக்கத்தில் போய்,
அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்,
"கேளுங்க சார், கத்தாதீங்க."
அப்புறம் அவர் கேட்கவுமில்லை.

இரண்டாம் பாதி, இருபத்தெட்டாம் நிமிடம்.
ஒன்றுக்கு ஒன்று.
ஓரத்திலிருந்து அடைக்கலம் அடித்தான்.
பந்து வலைக்குள் கிடந்தது.
நான் இருபதடி பின்னால்.
நூருல் நடுக்கோட்டை நோக்கி ஓடினான்.
ஊதினேன். கோல்.

கோல்கீப்பர் என்னிடம் ஓடிவரவில்லை.
பக்கவாட்டு வலையில்
வெளியிலிருந்து கையை விட்டு
உள்ளே விரல்களை ஆட்டிக் காட்டினான்.

நடந்து போனேன்.
ஓடினால் பதற்றம் என்பார்கள்.
என் தலை போகும் ஓட்டை.
நூருலைக் கேட்டேன்;
கம்பம் மறைத்தது மேடம் என்றான்.
அடைக்கலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அவனைக் கேட்கவில்லை.
பதினாறு வயதுப் பையனிடம்
சொந்தப் பள்ளிக்கெதிராகச் சாட்சி கேட்பது
என் வேலையில் சேராது.

கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளி,
காலையில் போட்ட சுண்ணாம்பில்
பந்தின் ஒரு கன்னம் பதிந்திருந்தது.
பந்தைத் திருப்பினேன். வெள்ளை.

நடுவில் இன்னும் பந்து வைக்கவில்லை.
கோல் இல்லை என்று கை காட்டினேன்.
காசு வாங்கிட்டா என்றது ஒரு குரல்.
அதைவிடச் சுட்டது பி.டி. சார் சொன்னது:
"இதுக்குத்தான் நம்ம வீட்டுப் பணியாரம் வேணாம்னீங்களா?"

இரண்டாவது விசிலின் கயிற்றை அவிழ்த்து
ஓட்டையை இழுத்துக் கட்டினேன்.
எல்லோரும் பார்க்க,
மூன்று நிமிடம்.
அந்த மூன்றையும் கடைசியில் சேர்த்துக் கொடுத்தேன்.

யார் ஜெயித்தார்கள் என்பது அறிக்கையில் இருக்கிறது.
அதில் முதலில்,
'தெற்கு வலை ஆட்டத்துக்கு முன் சோதிக்கப்படவில்லை'
என்று எழுதியிருந்தேன்,
ஏதோ மழை பெய்யவில்லை என்பதுபோல.
அடித்துவிட்டு எழுதினேன்:
'நான் சோதிக்கவில்லை.'
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
காலியாக விட்டேன்.

காரைக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்தான்
பசித்தது.
காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.