மின்வெட்டு அட்டவணை

ஐந்து லிட்டர் ஊறுகாய் ஜாடி.
வாயை மெழுகால் அடைத்தாயிற்று.
உள்ளே பாசி, ஈரமண், ஒரு பிடி அரிசி,
ஒரே ஒரு வண்டு.
இனி எதுவும் உள்ளே போகாது,
என் மூச்சுகூட.
பாசி விடுவதை வண்டு இழுக்கும்,
வண்டு விடுவதைப் பாசி.

சுற்றுப்பாதையில் அரைமணி இருட்டு,
உடனே விடிந்துவிடும்.
சாட்ஸ்வர்த்தில் நாலு மணி நேரம்,
சில நாள் இரண்டு தடவை.
"இங்கே பிழைத்தால்
விண்வெளி அதுக்கு லீவு மாதிரி"
என்கிறார் சாகரன் நாயக்கர்,
மெழுகுவர்த்தி கடன் கேட்க வந்தவர்.

பதினோராம் நாள்
கரண்ட் வந்ததும் எண்ணினேன்.
மூன்று.
அரிசிமணிக்குள் ஒளிந்து
டிக்கெட் இல்லாமல் ஏறியவை.

பாசிக்கு இன்னொரு விளக்கு வேண்டும்.
நோட்டில் ஒன்றை அடித்துவிட்டு
மூன்று என்று எழுதினேன்,
பென்சிலால்.