கழகம்

தோ பாயோ, பதினோராவது மாடி.
இரவு ஏழரை.
நாளை காலை அச்சுக்குப் போகவேண்டும்
மின்தூக்கி மேம்பாட்டு அறிவிப்பு.
எட்டு வரி, நான்கு மொழி.
தமிழ் என் பங்கு.

'போர்டு' வந்த இடத்தில் 'கழகம்' என்று அடித்தேன்,
எட்டு ஆண்டுகளாக அடிப்பதுபோல்,
விரல்கள் தாமாகவே.

திருத்தணியிலிருந்து புதிதாக வந்த தணிகைச்செல்வி
எட்டிப் பார்த்தாள்:
"கழகமா? எங்களுக்கு அது கட்சி, அக்கா.
கொடி, சுவரொட்டி, ஒலிபெருக்கி.
வீடு கட்டித் தருவது வாரியம்."

இங்கே கழகம் கொடி பிடிப்பதில்லை என்றேன்.
கடிதம் போடும்.
நடைவழியில் செருப்பு அலமாரி வைத்தால் கண்டிக்கும்.
இல்லை, அது நகர மன்றம்.
எனக்கே சில நாள் குழம்பும்.

ரொஹாயா நாற்காலியைத் திருப்பினாள்.
மலாயில் 'லெம்பாகா'.
இருட்டில் தெரியும் உருவமும் லெம்பாகா,
கை கால் முளைக்காத கருவும் லெம்பாகா.
சொல்லிவிட்டு
ஏழு மாத வயிற்றை மேசையிலிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

குவெக் நிமிரவேயில்லை.
"எங்களுக்கு 'ஜூ'.
சதுரங்கத்தில் ஓர் ஆட்டம். சூதில் ஒரு சுற்று.
அதற்கும் ஜூதான்."

அகராதியைத் திறந்தேன்.
கழகம்: கற்றவர் கூடும் அவை.
படைக்கலம் பழகும் களம்.
பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்,
சூதாடும் இடம்.

"வாரியத்துக்கும் குலுக்கல்தான்" என்றாள் தணிகைச்செல்வி,
"சோழர் காலத்தில் குடத்துக்குள் ஓலை போட்டு
ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்வார்களாம்."

சாரங்கனின் குறுஞ்செய்தி அப்போதுதான் வந்தது.
குலுக்கல் முடிவு.
வீடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
நம் வரிசை எண்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு.

மூன்றாம் முறை.
முதல் முறை நான் அழுதேன், அடுத்த முறை அவன்.
இம்முறை எழுதியிருந்தான்:
வரும்போது முட்டை வாங்கி வா.

அவர்கள் போய்விட்டார்கள்.
அனுப்புமுன் ழகரத்தைச் சரிபார்க்கவேண்டும்.
போன ஆண்டு ஓர் அறிவிப்பில்
'கலகம்' என்று அச்சாகி
யீஷூனில் ஆறு புளோக்குகளின் மின்தூக்கிகளில்
ஒன்பது நாள் மேலும் கீழும் போய்வந்தது.
ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.

கர்சரை அந்த எழுத்தின்மேல் கொண்டுவைத்தேன்.
முட்டைக் கடை பத்து மணிக்கு அடைப்பார்கள்.
அது அங்கேயே
துடித்துக்கொண்டிருந்தது.