வெளிச்சம் போதவில்லை

பூம்பாறை வளைவில்
நாலு மணிக்கே மேகம் இறங்கிவிட்டது.
அரைக் கிலோ மலைப்பூண்டு.
நீட்டிய தாள் நமத்துப் போயிருக்கிறது.
கைபேசியை மேலே பிடிக்கிறேன்.

"வெளிச்சம் போதவில்லை" என்கிறாள்
உள்ளே இருப்பவள்.
சிலோன்மணி என்று பேர் வைத்திருக்கிறேன்;
இந்தக் குளிரிலும் தும்மாத குரல்.
மறுபடி பிடித்தால்
மறுபடியும் அதையே.

உனக்குமாடி, என்றேன்.

வாங்க வந்தவர் சிரிக்கவில்லை.
காருக்கு ஓடுகிறார்
விளக்கைப் போட.
சாவிக்கொத்து. கதவு. ஈர மண்ணில் ஒரு சறுக்கல்,
"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

அதற்குள்
ஓரத்துக் கோடுகளைப் பெருவிரல் எண்ணிவிட்டது:
ஐந்து.
மீதிச் சில்லறையும் மடியில் தயார்.
சொல்லவில்லை.

விளக்கு விழுந்திருக்கும் போல.
"ஐந்..." என்று தொடங்குகிறாள் சிலோன்மணி.
சொல்லி முடிக்கட்டும் என்று
தாளை விரித்தே
பிடித்திருக்கிறேன்.