இருபத்தைந்து மில்லிமீட்டர்

முதலில் வந்தது மண் அறிக்கை.
ஆறு மீட்டர் வரை களி,
கீழே கொஞ்சம் மணல், மறுபடி களி.
கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும்;
மேட்டூர் திறந்து பாமணிக்குத் தண்ணீர் எட்டிய வாரம்
அதே வெடிப்பு வாயை மூடிக்கொள்ளும்.
இதன்மேல்தான் நிற்க வேண்டும்
நான்கு மாடி ஆஸ்பத்திரி.

நூற்று நாற்பது பைல் இறக்கினோம்,
ஒவ்வொன்றும் பதினெட்டு மீட்டர்.
திறப்பு விழாவில்
ரிப்பன் கட்டியது வாசலுக்கு.

லிஃப்ட் உண்டு.
மின்சாரம் போனால் அது ஓர் அலமாரி.
ஆகவே சாய்தளம்:
பன்னிரண்டு அடி நடந்தால் ஓர் அடி ஏறலாம்.
வரைபடத்தில் அது ஒரு அம்புக்குறி,
பக்கத்தில் 'மேலே' என்று ஒரு சொல்.
அம்புக்குறிக்கு மூச்சு வாங்குவதில்லை.

திரும்பும் இடத்தில் ஒரு மீட்டர் கூடுதலாக விட்டு
ஜன்னல் வைத்தேன்.
தணிக்கைக்காரர் கேட்டார், எதற்கு?
காற்றுக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.
உண்மையில்,
ஏறுகிறவர்கள் நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டும்.
அங்கே நின்றால் தெரியும்
கொள்முதல் நிலையத்தின் நீலத் தார்ப்பாய்கள்,
அவற்றுக்கு அப்பால் தாளடி.

கட்டடத்தின் நீளம் எழுபது மீட்டர்.
சித்திரை வெயிலில் அது நீளும்.
சொன்னால் நம்ப மாட்டார்கள்,
கான்கிரீட்டும் சோம்பல் முறிக்கும்.
நடுவில் இரண்டாக வெட்டி,
ஒரு விரல் இடைவெளி விட்டு,
மேலே அலுமினியத் தகடு போட்டேன்.
இருபத்தைந்து மில்லிமீட்டர்.
இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று இடிக்காமல்
பக்கத்துப் பக்கத்தில் வாழ அது போதும்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்றாம் வருஷம்
ஒரு விரிசலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.
பூச்சு விரிசல்தான், பயமில்லை.
கீழே இறங்கத் திரும்பியபோது
எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு கலியமூர்த்தி.
கோட்டூரிலிருந்து வந்த பெண், தொடை எலும்பு.
சாய்தளம் முடிந்து தாழ்வாரம் தொடங்கும் இடத்தில்
கைப்பிடியை அமுக்கினார்.
முன்சக்கரங்கள் இரண்டும் லேசாக எழும்பி,
தகட்டைத் தாண்டி, பூனைபோல் இறங்கின.
அப்புறம் பின்சக்கரத்துக்கு ஒரு தூக்கு.
அப்படியும் அவள் 'அம்மா' என்றாள்.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.
'இந்த எடத்துக்குப் பேரே அம்மா முக்குதான் மேடம்.
எவ்வளவு பல்லக் கடிச்சுக்கிட்டு வந்தாலும்
இங்க வந்தா கத்திடுவாங்க.
ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணுதான்.
முன்னாடி ரொம்ப மோசம்.
சைக்கிள் டியூப் வெட்டி
தகட்டுக்கு அடியில நான்தான் குடுத்தேன்.'
குனிந்து பார்த்தேன். கறுப்பு ரப்பர்,
என் எந்தத் தாளிலும் இல்லாதது,
நேர்த்தியாக வெட்டியிருந்தார்.

இது யார் வைத்த ஓட்டை என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மதியம் ஆளில்லாத நேரம்,
காலி ஸ்ட்ரெச்சரை நானே தள்ளிப் பார்த்தேன்.
ஜன்னலில் நின்றேன். நிற்கத்தான் வேண்டியிருந்தது.
முக்கில் கைப்பிடியை அமுக்கினேன்,
அரை நொடி தாமதமாக.
டடக்.
மெத்தைமேல் யாரும் இல்லை.
ஆனாலும் சுற்றிப் பார்த்தேன்.

இப்போது நாகப்பட்டினத்தில் அடுத்த வேலை.
அதே களி, கூடவே உப்பு.
இணைப்பை மூன்று மீட்டர் நகர்த்தினால்
அறுவை அரங்கின் வாசலில் விழுகிறது,
அந்தப் பக்கம் தள்ளினால் பிரசவ வார்டு.
எங்கே வெட்டினாலும்
யாரோ ஒருவர் படுத்தபடி அதைக் கடக்க வேண்டும்.
ரப்பர் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்,
தடிமன் ஆறு மில்லிமீட்டர்.

அச்செடுத்த தாளில் சிவப்புப் பேனாவால்
வாசலிலிருந்து வார்டு வரை
ஸ்ட்ரெச்சர் போகும் வழியை இழுத்துப் பார்க்கிறேன்.
அந்த இடம் வந்ததும்
பேனா தானாக எழும்பிக்கொள்கிறது.
கோடு அங்கே கொஞ்சம்
விட்டுப்போகிறது.