ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

காலை நாலரை. ஈசூனில் ஆறாம் மாடி.
சமையலறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
தவக்காலம் தொடங்கிப் பதினோராம் நாள்.
பத்து நிமிடம், ஒன்றும் கேட்காமல்
உம்மோடு இருப்பதாகச் சொல்லியிருந்தேன்.

முதல் நிமிடத்தில் சிலுவை அடையாளம்.
இரண்டாவதில் மிகைநேரச் சம்பளக் கணக்கு.
மூன்றாவதில், இந்தக் குளிர்பதனப்பெட்டி ஏன் இப்படி உறுமுகிறது,
கம்ப்ரெஸரா, அடியில் ரப்பர் தேய்ந்ததா.
நான்காவதில்தான் உம் ஞாபகம்,
வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு மறந்தவனின் பதற்றத்தோடு.

மின்தூக்கி பழுதுபார்ப்பவன், ஆண்டவரே.
இருபத்திரண்டு வருடமாய்
செபத்தையும் புகார்ச் சீட்டாகவே எழுதிவந்தேன்:
இடம், பழுது, அவசரம், பெயர்.
ஜெசிந்தாவின் தைராய்டு. மெலனியின் கணக்குப் பரீட்சை.
சனிக்கிழமை நவநாளில் பெட்டிக்குள் போட்டுவிட்டு
நேரே கோப்பிக்கடை.
சரியானால் நன்றி.
ஆகாவிட்டால் அதே சீட்டு,
எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக.

செபமாலையும் உண்டு. வேனில், விரைவுச்சாலை நெரிசலில்
ஒவ்வொரு மணியாக
நட்டு முறுக்குவதுபோல் முறுக்கி முடிப்பேன்.
எதைப் பூட்டினேன் என்று பார்த்ததில்லை.

சாம்பல் புதனுக்கு முந்திய வாரம், தோ பாயோவில்,
விடியுமுன் ஓர் அழைப்பு.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நின்றுவிட்ட தூக்கி.
உள்ளே ஒரு சீனர், துணி மூடிய பறவைக்கூண்டோடு.
அவர் ஹொக்கியன். என் சந்தை மலாய் அவருக்கு எட்டவில்லை.
என் ஆங்கிலம் கதவைத் தாண்டவில்லை.
மேலே மோட்டார் அறையில் ஹஃபீஸ் போராடிக்கொண்டிருந்தான்.
கதவருகே குந்தியிருப்பதுதான்
எனக்கு மிச்சமிருந்த வேலை.

அவர் தட்டினார். ஒரு தட்டு.
ஸ்பேனரால் திருப்பித் தட்டினேன்.
கொஞ்சம் கழித்து மறுபடி ஒன்று.
மறுபடி நான்.

நாற்பது நிமிடம் இதுவே பேச்சு.
திற என்று அவர் தட்டவில்லை என்பது
பாதியில்தான் உறைத்தது.
இருக்கிறாயா, என்றார்.
இருக்கிறேன், என்றேன்.
நடுவில் ஒருமுறை கைப்பேசியில் ஏதோ பார்த்துத் தாமதித்தேன்.
மூன்று தட்டு, வேகவேகமாக.
அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை.

கதவு திறந்ததும் அவர் என்னைப் பார்க்கவேயில்லை.
துணியை விலக்கிப் பறவையைப் பார்த்தார்.
போகும்போது என் ஸ்பேனரை
விரலால் ஒருதரம் சுண்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்துதான் இந்த இருட்டும் இந்த நாற்காலியும்.
இதில் உள்ளே மாட்டியவன் யார்,
வெளியே குந்தியிருப்பவர் யார் என்பது
நாளுக்கு நாள் மாறுகிறது.
நேற்று ஒன்றுமே நடக்கவில்லை.
முந்தாநாள் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன்.
பக்தி என்று சொல்லக்கூடிய எதுவும்
நெஞ்சில் ஊறவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் தொழிலில் தெரிந்தது.
தூக்கி ஏறும்போதெல்லாம்
சுவருக்குப் பின்னால் ஒரு பெரும் எடை இறங்கிக்கொண்டிருக்கும்.
ஏறுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை.
நான் பார்த்திருக்கிறேன்,
கிரீஸ் படிந்து, கறுத்து,
எல்லோருடைய பாரத்துக்கும் ஈடாக.
நீர் இறங்கிவந்தீர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம்.
என் இறையியல் அந்தக் கம்பியோடு சரி.

ஏழாவது நிமிடம்.
கீழே முதல் பேருந்து மூச்சுவிட்டுக் கிளம்புகிறது.
மேல்வீட்டில் யாரோ செருப்பைத் தேடுகிறார்கள்.
கேட்பதற்கு நாலைந்து விஷயம் நாக்கு நுனியில் நிற்கிறது,
மெலனியின் முடிவுகள் உட்பட.
விழுங்கிக்கொள்கிறேன்.
மேசையை விரலால் ஒருமுறை தட்டுகிறேன்.

குளிர்பதனப்பெட்டி சட்டென்று அடங்குகிறது.
அறைக்குள்ளிருந்து ஜெசிந்தா, தூக்கக் குரலில்:
"யாருங்க அது?"

"இங்கதான் இருக்கேன்" என்கிறேன்.

இன்னும் மூன்று நிமிடம்.