எதிரெடை

சயான் ஆஸ்பத்திரி, அறை முப்பத்தியொன்று.
டாக்டர் பெட்ணேகர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை.
வீட்டில் நீ எத்தனையாவது பிள்ளை என்று கேட்டார்.

இரண்டாவது.
மூத்தவன் இசக்கிமுத்து ஐந்தடி பத்து.
நான் ஐந்தடி ஒன்று,
செருப்போடு சேர்த்து.

முதல் ஞாபகம்?

தாராவி, குழாயடி.
நீல டிரம்முக்கு மேலே என் தலை எட்டவில்லை.
'வரிசையில நிக்கிற இந்தக் குட்டிக்குடம் யாரோடது?'
என்றாள் ஒருத்தி.
மொத்த வரிசையும் சிரித்தது.
அவ்வளவுதான்.
முப்பத்தாறு வருஷமாக அந்தச் சிரிப்பு
பின்னங்கழுத்தில் ஈரமாகவே இருக்கிறது.

அதனால்தான் லிஃப்ட் வேலைக்குப் போனேன்
என்று நான் சொல்லவில்லை.
அவர் எழுதிக்கொண்டார்.

லோயர் பரேலில் அறுபத்திரண்டு மாடி.
அதற்கும் மேலே மெஷின் ரூம்.
அங்கிருந்து பார்த்தால் கடல்பாலம் ஓர் ஊக்கு,
ஐந்தடி பத்தெல்லாம் கடுகு.
அங்கே எனக்குத் தலை சுற்றாது.
தரைக்கு வந்தால்தான் சுற்றும்.
அதற்குத்தான் டாக்டரிடம் வந்தேன்.

'நாளைக் காலையில் இந்தச் சுற்றல்
அடியோடு நின்றுவிட்டால் என்ன செய்வாய்?'

சூப்பர்வைசர் பரீட்சை எழுதுவேன்.

வாய் மூடுவதற்குள் எனக்கே கேட்டுவிட்டது.
நாலு வருஷம் பணம் கட்டி, எழுதப் போகாத
நாலு ரசீது பர்ஸில் இருக்கிறது.
அதை மட்டும் அவர் எழுதவில்லை.
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை தரவில்லை.
'பதினாலு நாள்.
காலையில் எழுந்ததும்
யாராவது ஒருத்தருக்கு உன்னால் என்ன ஆகும்
என்று யோசி. செய்யக்கூட வேண்டாம்.'
கேஸ் பேப்பருக்குக் கொடுத்த காசு தண்டம்
என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

முதல் நாள் மனசுக்குள் யாருமே வரவில்லை.
இரண்டாம் நாள் மேனேஜர் வந்தான். அனுப்பிவிட்டேன்.
மூன்று, நான்கு: மழை.
ஐந்தாம் நாள்
எங்கள் கட்டடத்தில், குடிசையை இடித்துவிட்டுத் தந்த கட்டடம்,
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.
ஏறுகிற யாரோ மூச்சு வாங்கப் போட்டது.
லிஃப்ட் நின்று நாலு மாசம்.
நாலு மாசமும் அந்த ஸ்டூலைச் சுற்றித்தான் ஏறினேன்.
'இது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல'
என்று சொசைட்டி மீட்டிங்கில் சொன்னவனும் நான்தான்.

லிஃப்ட் மேலே போக வேண்டுமென்றால்
மறுபக்கம் ஓர் இரும்புப் பாளம் கீழே இறங்க வேண்டும்.
உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது.
நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்த அதே ஜூனில்
இசக்கி தோல் பட்டறைக்குப் போனான்.
இரண்டையும் சேர்த்து எங்கள் வீட்டில்
யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேனலைத் திறந்தேன்.
பெரிய கோளாறு இல்லை.
மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டில்
ஒரு தகடு கரிந்திருந்தது.
கதவுக்கு மேலே. கைக்கு நாலு விரல்கடை தூரம்.
வாட்ச்மேன் ஏணியை யாருக்கோ கொடுத்திருந்தான்.

இசக்கிக்குப் போன் போட்டேன்.
பேசி ஒன்பது மாசம்.
வந்தான், ரசாயன வாடையோடு.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
குனிந்து, இடுப்பை வளைத்துப் பிடித்து,
நாற்பத்தொரு வயசு ஆளை அப்படியே தூக்கினான்.

குழாயடியில்
சிரிப்புக்குப் பிறகு இன்னொன்று நடந்தது.
விலாவில் இரண்டு சின்னக் கைகள்.
டிரம்முக்கு மேலே என் தலை.
தண்ணீரில் என் முகம்,
அதை முட்டிக்கொண்டு அவன் முகம், பல்லைக் கடித்தபடி.

டாக்டரிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

'வெயிட் போட்டுட்டடா' என்றான் கீழேயிருந்து.
'அசையாதே' என்றேன்.
ஸ்குருவை முறுக்கும்போது தலை சுற்றியது, கொஞ்சம்.
இறக்கிவிடு என்று சொல்லவில்லை.

மெயினைப் போட்டதும்
ஏழாவது மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.
எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு
லிஃப்ட் மேலே போனது.

ஸ்டூல் யாருடையது என்று இன்னும் கேட்கவில்லை.
நாளைக்குப் பத்தாம் நாள்.